உன் சித்தப்பாவின் மூட்டையைப் பிரித்தவர்

ஜமுனாமரத்தூர்,
புதன்கிழமை

கோமதி,

உன் கடிதம் சனிக்கிழமை வேலூர் பஸ்ஸில் வந்தது. தபால் பையை அவிழ்த்துக் கொட்டியதும் உன் கையெழுத்துதான் முதலில் கண்ணில் பட்டது. ஆனாலும் மற்றவர்களுக்கு வந்ததையெல்லாம் ஊர் ஊராக நடந்து கொடுத்து முடித்த பிறகுதான் நம் வீட்டுத் தபாலை நம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் அம்மா நின்ற இடத்திலேயே படிக்கச் சொன்னாள். நாற்பது நாள் நடை, அமிர்தியில் ஏறி நம் மலையைத் தாண்டி, ஏலகிரி, சேர்வராயன் என்று கொல்லிமலை வரைக்கும். படிக்கும்போதே அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "கல்லூரியில படிக்கத்தானே அனுப்பினோம், நடக்கறதுக்கு இங்க மலை இல்லியா?" என்றாள். அப்புறம் அவளே உள்ளே போய், உனக்கென்று சாமை வறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

பை பதினைந்து கிலோ வருகிறது, பன்னிரண்டுக்கு மேல் கூடாது, எந்த மூன்று கிலோவை எடுப்பது என்று கேட்டிருந்தாய். இருபது வருஷமாக இந்த மலையில் பையோடு நடக்கிறவன் என்பதால் என்னைக் கேட்டாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதைப் படித்த பிறகு உனக்கு இதில் மனம் நிற்காது. நாலு செட் துணி வேண்டாம், இரண்டு போதும், ஒன்று உடம்பில், ஒன்று பையில். டிரான்சிஸ்டரை விட்டுவிட்டுப் போ. எவர்சில்வர் டிபன் கேரியரை எடுத்துவிட்டு ஒரு அலுமினியக் கிண்ணியை வைத்துக்கொள், அதிலேயே சமைக்கலாம், அதிலேயே சாப்பிடலாம். கடலைமாவு, கண்ணாடி, பவுடர் டப்பா எல்லாம் விடுதியிலேயே இருக்கட்டும். செடி அழுத்தி வைக்கும் பலகையை விடச் சொல்ல மாட்டேன், அதற்காகத்தானே போகிறாய். தீப்பெட்டி மூன்று, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மெழுகுத்தாளில் சுற்றி மூன்று வேறு இடத்தில் வை. புது கேன்வாஸ் ஷூவை இன்றைக்கே போட்டு நடக்க ஆரம்பி, காலைக் கடிக்கிற இடத்தை இப்போதே கண்டுபிடித்துவிடு. கம்பளி, தார்ப்பாய், கயிறு இந்த மூன்றையும் எவன் சொன்னாலும் பையிலிருந்து வெளியே எடுக்காதே. எடை கூடினால் சோற்றைக் குறை. பசி ஒரு நாள் தாங்கும். நனைந்த உடம்பு ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

இவ்வளவுதான் நீ கேட்டதற்குப் பதில். இதோடு முடித்திருப்பேன். ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், பயணத் தலைவர் சபாபதி சார் என்றும், அமிர்தியில் கிளம்புகிற அன்றைக்கு ஒவ்வொருவர் பையையும், சுமை தூக்க வருகிறவர்கள் மூட்டையையும்கூட அவரே பிரித்துப் பார்த்து வேண்டாததை எடுத்து வைத்துவிடுவார் என்றும், 'உங்களைப் போலவே ரொம்பக் கண்டிப்பானவர் அப்பா' என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பெயரைப் படித்ததும் கடிதத்தை மடித்து உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். பன்னிரண்டு வருஷமாக நான் ஒருநாளும் மறக்காத பெயர் அது.

உன் சித்தப்பா வெள்ளையன் செத்தபோது உனக்கு எட்டு வயது. குளிர் காய்ச்சலில் போய்விட்டார் என்று உனக்குச் சொல்லி வைத்தோம். ஊரில் வேறு மாதிரிப் பேசியதும் உன் காதில் விழுந்திருக்கும். நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

டெல்லியில் ஆட்சி மாறிய வருஷத்து ஐப்பசி. சபாபதி ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு அமிர்தியிலிருந்து நம் மலைக்கு ஏறி, கலசப்பாக்கம் பக்கம் இறங்குவதாக வந்தார். ஆறு நாள் நடை. சுமை தூக்க இரண்டு பேரும், சமைக்க வேலூரிலிருந்து கன்னியப்பன் என்கிற ஆளும். தூக்குகிற இரண்டு பேரில் ஒருவன் வெள்ளையன். அன்றைக்கு நான் அமிர்தியில் இருந்தேன், வேலூர் போய்விட்டு வந்த வழியில். காலை வெயிலில் எல்லா மூட்டையையும் வரிசையாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சபாபதி கையில் பிரம்போடு நடந்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று தொட்டுத் தொட்டுச் சொன்னார். வெள்ளையன் மூட்டையில் ஒரு கம்பளி, ஒரு தார்ப்பாய், இரண்டு படி சாமை, வெட்டுக்கத்தி. அவ்வளவுதான் இருந்தது. பிரம்பால் கம்பளியையும் தார்ப்பாயையும் ஒதுக்கினார்.

"இத ரெண்டையும் வச்சிட்டு வா. அந்த இடத்துல நாற்காலிய கட்டிக்கோ" என்றார். மடக்கு நாற்காலி. சாயங்காலம் அவர் உட்கார்ந்து மலையைப் பார்ப்பதற்கு.

"மழ வரும் சார். இத வச்சிட்டா நான் இன்னாத்த போத்திக்கறது?" என்று வெள்ளையன் கேட்டான்.

"அதெல்லாம் நாங்க குடுப்போம்."

வெள்ளையன் என் முகத்தைப் பார்த்தான். நான் அரசாங்கத்துப் பையைத் தோளில் போட்டவன், படித்தவன், அண்ணன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாருதான் குடுக்கறேன்னு சொல்றாருல்ல, வச்சிடு வெள்ளையா" என்றேன். அந்தக் கம்பளியையும் தார்ப்பாயையும் நானே சுருட்டி என் தோளில் போட்டுக்கொண்டு மலையேறி வந்தேன். பெரிய மனிதர் முன்னால் தம்பி எதிர்த்துப் பேசுகிறானே என்று எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளை வரிசையாக எழுதச் சொன்னால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் வரும்.

இரண்டாம் நாளிலிருந்து மழை. கூடாரம் அவர்கள் ஆறு பேருக்குத்தான் இருந்தது. போர்த்திக்கொள்ள எதுவும் கொடுக்கவில்லை. மூன்று இரவு அவன் பாறைக்கடியில் நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள் நடக்க முடியவில்லை. வழியில் புளி கொட்டி வைக்கிற காலிக் கொட்டகை ஒன்றில் அவனைப் படுக்க வைத்துவிட்டு, ஊரில் யாரிடமாவது சொல்கிறோம் என்று மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். நாற்காலியைத் தூக்க வேறு ஆள் பிடித்துக்கொண்டார்கள். மாடு மேய்க்கிறவள் ஒருத்தி பார்த்து எனக்குச் சொல்லி அனுப்பி, நான் ஓடிப் போனபோது மறுநாள் மத்தியானம். உயிர் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. "கம்பளி வூட்டுல பத்திரமா இருக்குதா அண்ணா?" என்று கேட்டான். தூக்கிக்கொண்டு வருகிற வழியில் என் தோளிலேயே போய்விட்டான்.

இதுவரைக்கும் நடந்ததை விதி என்று சொல்லி ஆற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஆறாததற்குக் காரணம் அதற்கப்புறம் நடந்தது. விசாரிக்க வந்தவர்களிடம் சபாபதி எழுதிக் கொடுத்தார், அந்த ஆள் குடித்துவிட்டு மழையில் விழுந்து கிடந்தான், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை என்று. மலைக்காரன் குடிப்பான் என்றால் கீழே யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. வெள்ளையன் சாமிக்குப் படைத்த கள்ளைக்கூட வாயில் வைக்க மாட்டான். ஆனால் எழுத்தில் வந்துவிட்டதல்லவா, ஊரும் அப்படியே பேச ஆரம்பித்தது. உன் சித்தி பூங்காவனம் குடிகாரன் பெண்டாட்டி ஆனாள். ஒருநாள் அவளே என்னிடம் கேட்டாள், "எனக்குத் தெரியாம குடிப்பாரா மாமா? என்னண்ட மறச்சிட்டாரா?" என்று. அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன், அந்த மனிதனை நான் விட மாட்டேன் என்று.

ஐந்து வருஷம் காத்திருந்தேன். மறுபடியும் அவர் வந்தார், அதே ஐப்பசியில். தபால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வேறு பெயர் சொல்லி, சுமை தூக்குகிறவனாகப் போய் நின்றேன். என் முகம் அவருக்கு நினைவில்லை. மூட்டை கட்டுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருடைய கூடாரத் துணியையும் கம்பளியையும் மழைக்கோட்டையும் எடுத்து வேலிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, அந்த உறைக்குள் காய்ந்த புல்லும் கல்லும் வைத்துக் கட்டினேன். எடை சரியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்து வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன் கோமதி, அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. அந்தக் கல்லை நானே தூக்கிக்கொண்டு மலையேறினேன், பாரமே தெரியவில்லை. சாயங்காலம் மழை பிடித்தது. உறையைப் பிரித்தார்கள். கல் உருண்டு விழுந்தது. அவர் முகம் வெளுத்ததை நின்று பார்த்தேன். இன்றைக்கு நீ நடுங்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் நடுங்கவில்லை. சுற்றிப் பார்த்தார். அந்த முறையும் சமைக்க வந்திருந்த கன்னியப்பன் பக்கம் திரும்பி, "உனக்கு எதுக்கு கம்பளி? நீ அடுப்புப் பக்கம் படுத்துக்க" என்று சொல்லி அவனுடையதை வாங்கிப் போர்த்திக்கொண்டார். கன்னியப்பனுக்கு இழுப்பு உண்டு. மழையில் அடுப்பு எங்கே எரிந்தது? விடியும்போது அவன் மூச்சு விசில் அடித்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. அவனை முதுகில் போட்டுக்கொண்டு எட்டு மைல் ஜமுனாமரத்தூருக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் தம்பி செத்த அதே தோளில் இன்னொரு மனிதன், இந்த முறை என் கையால். வழியில் அவன் விட்டு விட்டுப் பேசினான். "யாரோ அவரு மேல கோவத்துல வச்சிருக்கான்யா கல்ல. ஆனா அவனுக்கு இவரத் தெரியல. தெரிஞ்சிருந்தா எனக்கு ரெண்டு கம்பளி வச்சிருப்பான்." நான் நடையை எட்டிப் போட்டேன். கன்னியப்பன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு மார்கழி, தை வந்தால் படுக்கைதான்.

உனக்கு நான் கோபப்படாதே என்று எழுத மாட்டேன். மன்னித்துவிடு என்றும் எழுத மாட்டேன். இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் எறிகிற கல் யார் தலையில் விழும் என்று பார்த்து எறி. பெரிய ஆள்கள் எப்போதும் இன்னொருவனை முன்னால் நிறுத்தி வைத்திருப்பார்கள். அடி அவனைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னொரு ஏழு வருஷம் ஆகிவிட்டது. உன் கடிதம் வந்துதான் அது புரிந்தது. அந்த ஆள் மறுபடியும் அமிர்தியில் நின்றுகொண்டு சுமைக்காரன் மூட்டையைப் பிரிக்கப் போகிறார். இந்த முறை என் பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், என்னைப் போல.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கமிட்டிக்காரர்கள் கூடி, எதை எடுப்பது, எதை விடுவது என்று கடைசியாக முடிவு செய்யப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? முதல் பஸ் பிடித்து வேலூர் போனேன். வெள்ளையனின் கம்பளியையும் தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டேன். உன் விடுதி வாசல் வழியாகத்தான் போனேன், உள்ளே வரவில்லை. உன் முகத்தைப் பார்த்திருந்தால் பேசாமல் திரும்பியிருப்பேன்.

கூடம் முழுக்கச் சாமான்கள் பரப்பியிருந்தார்கள். தூங்கும் பை, ஸ்டவ், கயிறு, பிளாஸ்டிக் கேன், ஒரு தராசு. ஆறு பேர் நாற்காலியில், அதில் ஒரு டாக்டரம்மா. சபாபதிக்குத் தலை நரைத்துவிட்டது. நான் கம்பளியையும் தார்ப்பாயையும் அந்தச் சாமான்களுக்கு நடுவில் விரித்துப் போட்டேன்.

"இதையும் எட போடுங்க சார். எவ்ளோ வருதுன்னு பார்க்கணும்" என்றேன்.

"யாருப்பா நீ?"

"வெள்ளையனோட அண்ணன்."

"எந்த வெள்ளையன்?"

நடிக்கவில்லை கோமதி. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேனோ, அவருக்கு அந்தச் சண்டை நடப்பதே தெரியாது. அடித்திருப்பேன். அடித்திருந்தால் எல்லாம் அவர் பக்கம் போயிருக்கும். நான் நின்றபடியே முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பிரம்பு, நாற்காலி, கொட்டகை, அவர் எழுதிக் கொடுத்தது, இப்போது என் பெண்ணும் அவரோடு நடக்கப் போவது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சபாபதிதான் குறுக்கிட்டார்.

"அந்தக் குடிகாரனா? எனக்கு இப்ப ஞாபகம் வருது. செத்தவனுக்காக இப்ப வந்து பேசறியா? உன் பொண்ணு பேரு கோமதிதானே, மலையிலேர்ந்து வர்ற ஒரே பொண்ணு? அவ லிஸ்ட்ல இருக்கணுமா வேணாமான்னு யோசிச்சுப் பேசு" என்றார் சபாபதி.

இந்த இடத்தில் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். யோசித்தேன், ஆனால் நிறுத்தவில்லை. ஒரு தடவை பெரிய மனிதர் சொல்கிறாரே என்று வாயை மூடினேன், அதற்கே இத்தனை வருஷம். உன் நடை போனாலும் போகட்டும் என்று உன்னைக் கேட்காமலே முடிவு செய்தேன். "அவ பேர வேணும்னா லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடுங்க. ஆனா என் தம்பி குடிக்கல. அத எழுதிக் குடுங்க" என்றேன்.

"சாட்சி இருக்குதா?" என்றார். "உன்ன மாதிரி ஒருத்தன்தான் ஒரு தடவ என் டெண்டுல கல்ல வச்சான். மலைக்காரன் புத்தி."

"நான்தான் வச்சேன்" என்றேன்.

அப்போது கன்னியப்பன் காபித் தட்டோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தான். அந்த வீட்டில்தான் இன்னும் சமையல். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும்ங்க" என்றான். "உங்க முதுகுல வரும்போதே தெரியும். வழியெல்லாம் அழுதுட்டே வந்தீங்க. கூலிக்கு வந்தவன் எதுக்கு அழப்போறான்?" பிறகு சபாபதி பக்கம் திரும்பினான். "சார், அந்தக் கம்பளிய நீங்கதான் குச்சியால தள்ளினீங்க. நான் பக்கத்துல உக்காந்து அரிசி மூட்ட கட்டிட்டு இருந்தேன். அவன் குடிக்கல. ஒரு வாய் சுடுதண்ணி கேட்டான், அதக் குடுக்கறதுக்குள்ள நீங்க கெளம்புன்னீங்க."

டாக்டரம்மா எழுந்து, மேசையிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்துச் சபாபதி முன்னால் வைத்தார். "எழுதுங்க சார்" என்றார். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒருவரும் அவருக்காகப் பேசவில்லை. இந்த முறை போர்த்திக்கொள்ள யாருடைய கம்பளியும் அவருக்குக் கிடைக்கவில்லை. எழுதினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். வெள்ளையன் என்பவர் குடிக்கவில்லை, அவருடைய கம்பளியையும் தார்ப்பாயையும் நான்தான் விட்டுவிட்டு வரச் சொன்னேன், காய்ச்சலில் இருந்தவரைத் தனியே விட்டுவிட்டுப் போனேன், முன்பு எழுதிக் கொடுத்தது பொய். கையெழுத்துப் போடும்போது அவர் விரல் நடுங்கியதை நான் பார்த்தேன். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. இன்னும் கொஞ்சம் நடுங்கட்டும் என்று மையில் ஊதி, நிதானமாகக் காய வைத்து, மடித்தேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா தபாலாபீசுக்கு டிரங்க் கால் போட்டார். சபாபதிக்கு முழங்கால் வலியாம், பயணத்துக்கு வரவில்லையாம். உனக்கும் அப்படித்தான் சொல்வார்கள். அது முழங்கால் இல்லை என்று தெரிந்துகொள். டாக்டரம்மாதான் இனி தலைவர், உன் பெயர் பட்டியலில் இருக்கிறது. கன்னியப்பன் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டான். உங்களோடு சமையலுக்கு அவன் வருகிறான். அவனுக்குக் கம்பளி இரண்டாக இருக்கிறதா என்று நீ அமிர்தியிலேயே பிரித்துப் பார். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையையும் பார். எடுத்து வைக்க அல்ல, குறைவது என்ன என்று தெரிந்துகொள்ள.

அந்தத் தாளை நான் ஒன்பது படி எடுத்தேன், என் கையெழுத்தில். செவ்வாய்க்கிழமை தபாலோடு ஒவ்வொரு ஊராகக் கொண்டுபோய், எந்த வாயெல்லாம் அவனைக் குடிகாரன் என்றதோ அந்த வாய்களுக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன். கேட்காதவர்களையும் கூப்பிட்டுப் படித்தேன். கேட்கப் பிடிக்காமல் உள்ளே போனவர்கள் வாசலிலும் நின்று படித்தேன். அரசாங்கத் தபால்காரன் அப்படிச் செய்யக் கூடாது. செய்தேன்.

பூங்காவனத்தின் வீட்டுக்குக் கடைசியில் போனேன். புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்தேன். அவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைக்கவில்லை, முகத்தையும் தூக்கவில்லை. முடித்ததும், "இன்னொரு தபா படிங்க மாமா" என்றாள். படித்தேன். "அவரு பேரு வர்ற எடத்த மட்டும் படிங்க" என்றாள். படித்தேன். பக்கத்து வீட்டுக்காரிகள் ஒவ்வொருத்தியாக வேலிக்கு வந்தார்கள். "அவங்களுக்குக் கேக்கலியாம், சத்தமா படிங்க" என்றாள். பொழுது சாயும்வரை படித்தேன், தொண்டை கட்டிப் போகும்வரை. அதற்கப்புறம் அவள் தாளை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. விரலை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள். 'வெள்ளையன்' என்ற இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்டினேன். "குடிக்கவில்லைன்னு எழுதினது?" என்றாள். ஒரு சொல் தள்ளி நகர்த்தி வைத்தேன். அந்த விரலை எடுக்காமலே வேலிப்பக்கம் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், பார்வையைத் தாழ்த்திக்கொண்டு அவர்கள் கலைந்து போகும்வரை.

அப்பா